யார் முதுகில் யார் பெயர்?

ஒரு சின்னப் பரீட்சை. சிக்னலில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. முதலில் ஓர் அரசு பஸ். இடுப்பிலிருந்து கூரை வரை ஒரு நகைக்கடை. ஜன்னல் எது, நெக்லஸ் எது என்று தெரியாத மாதிரி ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பால் வேன். தலை முதல் கால் வரை அந்தப் பால் கம்பெனியின் சொந்த மாடு, சொந்தப் பெயர். அதற்கும் பின்னால் ஓர் ஆட்டோ. அதன் முதுகில் மட்டும் ஏதோ ஒரு கோச்சிங் சென்டரின் ரெக்ஸின். இந்த மூன்றில் எதை ஓரம் கட்டச் சொல்வார்கள்?

ஆட்டோ என்று சொல்லியிருப்பீர்கள். நூற்றுக்கு நூறு. ஏன் என்று கேட்டால்தான் பாதிப் பேருக்கு மார்க் போய்விடும்.

வண்டியில் விளம்பரம் ஒட்டக் கட்டுப்பாடு வைத்திருக்கும் எல்லா ஊர்களும் சொல்கிற காரணம் ஒன்றுதான். விளம்பரம் கண்ணை இழுக்கும், பின்னால் வருகிறவரின் கவனம் சிதறும், விபத்து நடக்கும். நல்ல காரணம். மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் சிதறுகிற கவனத்துக்கு அந்த மாடு யாருடைய மாடு என்று தெரியுமா என்ன? சொந்த மாடு என்றால் சிதறாது, வாடகை மாடு என்றால் சிதறும் என்று எந்தக் கண் டாக்டரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது நான் கண்டுபிடித்த சந்தேகம் இல்லை. நியூயார்க்கில் ஒரு கம்பெனி இதே சந்தேகத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை தூக்கிக்கொண்டு போனது. ரெயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி என்று பெயர். பார்சல் கம்பெனி. நியூயார்க் நகரத்துக்குள் மட்டும் அதற்குச் சுமார் 1,900 லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. லாரியின் இரண்டு பக்கமும் சும்மாதானே இருக்கிறது, வாடகைக்கு விடலாமே என்று யோசித்தார்கள். காமெல் சிகரெட், ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸ், ஒரு ரேடியோ ஸ்டேஷன் என்று போஸ்டர்கள் ஏறின. அபராதமும் ஏறியது.

நியூயார்க் விதி என்ன சொன்னது தெரியுமா? தெருவில் விளம்பர வண்டி ஓடக் கூடாது. ஆனால் சரக்கு கொண்டுபோகிற வண்டியில் அதன் முதலாளி தன் சொந்த வியாபாரத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், வண்டி முக்கியமாக விளம்பரத்துக்கென்றே ஓடாதவரை. அதாவது சிகரெட் கம்பெனி தன் லாரியில் சிகரெட் படம் போட்டால் தப்பில்லை. பார்சல் கம்பெனி தன் லாரியில் அதே படத்தைப் போட்டால் தப்பு. அதே தெரு, அதே சைஸ், அதே ஒட்டகம்!

கம்பெனியின் வக்கீல்கள் இதைத்தான் கேட்டார்கள். 1949 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி தோற்றது. அதற்கு முன்பே 1911-ல் ஒரு கோச் வண்டிக் கம்பெனி இதே நியூயார்க்கில், இதே மாதிரி வழக்கில் தோற்றிருந்தது என்பதால் பெரிய ஆச்சரியம் இல்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், சொந்த விளம்பரத்தின் தன்மையும் அளவும் போக்குவரத்துக்கு அதே மாதிரித் தொந்தரவு தராமல் இருக்கலாம், அது உள்ளூரில் அனுபவப்பட்டவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லாத் தொந்தரவையும் ஒரே நாளில் ஒழிக்கவில்லை என்பதற்காக, ஒழித்த ஒன்றைத் தப்பு என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

எனக்குப் பிடித்தது பக்கத்து நாற்காலியில் இருந்த ராபர்ட் ஜாக்சன். நியூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வக்கீலாக நின்றுவிட்டு வந்தவர். அவரும் கம்பெனிக்கு எதிராகத்தான் முடிவு சொன்னார். ஆனால் தனியாக ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அதன் சாரம் இது: அதிகாரிகள் ஒரு சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து அவர்கள்மேல் சட்டம் போட அனுமதித்தால் அநியாயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாக அர்த்தம். சட்டம் எல்லோர் தலையிலும் சமமாக விழட்டும். அப்போதுதான் சட்டம் போடுகிறவர் யோசித்துப் போடுவார்.

அப்படிச் சொன்னவர் ஏன் கம்பெனியைத் தோற்கடித்தார்? காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். சொந்தப் பெயரை வண்டியில் எழுதுவது செலவுக் கணக்கு. அடுத்தவன் பெயரை எழுதுவது வரவுக் கணக்கு. முதல் ஆளுக்கு வண்டி ஓட்டுவதுதான் தொழில், எழுத்து கூடவே வருகிறது. இரண்டாவது ஆளுக்குத் தெருவே கடையாகிவிடுகிறது. ஜாக்சன் ஏறக்குறைய இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார். ஒப்புக்கொள்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாருங்கள், இது வியாபார நியாயம். கண், கவனம், விபத்து என்று ஆரம்பித்த பேச்சு, கடைசியில் யார் சம்பாதிக்கிறார் என்பதில் வந்து நிற்கிறது. எல்லா ஊரிலும் இந்த விதிகள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நமக்கு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அதன் கீழே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதிகள் போட்டிருக்கிறது. போக்குவரத்து வண்டி என்றால் பெர்மிட் உண்டு, பெர்மிட்டுக்கு நிபந்தனைகள் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம்கூட எழுதியிருக்கும். முழுக்க ஸ்டிக்கர் சுற்றினால் நிறம் மாறுகிறது. புத்தகத்தில் வெள்ளை, தெருவில் ஊதா என்றால், புத்தகமும் வண்டியும் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் சொல்ல இடம் இருக்கிறது. பெயின்ட் அடித்தால்தான் நிற மாற்றமா, ஒட்டி உரிக்கிற ஸ்டிக்கருக்கும் அதுவேயா? கேட்டுப் பாருங்கள். மூன்று பேரிடம் கேட்டால் நான்கு பதில் கிடைக்கும்.

அபராதக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். சட்டத்தின் 177-வது பிரிவு, வேறு எங்கும் தனியாகத் தண்டனை சொல்லாத சில்லறைத் தப்புகளுக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 500 ரூபாய். 192-ஏ என்பது பெர்மிட் நிபந்தனையை மீறுவதற்கு. அதே திருத்தத்தில் அது 10,000 ரூபாய் ஆனது, சிறைத் தண்டனையும் சேர்த்து. ஆட்டோவின் முதுகில் தொங்கும் கோச்சிங் சென்டர் எந்தப் பிரிவில் வரும்? சில்லறைத் தப்பா, பெர்மிட் தப்பா? ஐந்நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே இருக்கிற அந்த 9,500 ரூபாய் இருக்கிறதே, அதுதான் நம் ஊரில் எல்லா ஊழலும் குடியிருக்கிற வீடு. விதி தெளிவாக இல்லாத ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் பேரம் பேச நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

கொஞ்ச நாள் முன்னால் எழும்பூரிலிருந்து வரும்போது, அப்படி ரெக்ஸின் கட்டிய ஓர் ஆட்டோவில் ஏறினேன். ‘‘இதுக்கு எவ்வளவு தர்றாங்க?’’ என்று கேட்டேன்.

‘‘மாசம் ஒரு நாள் காஸ் போடுற காசு சார். அதுவும் ஏஜென்ட் போன் எடுத்தாத்தான்.’’

‘‘பிடிச்சா?’’

‘‘பிடிச்சா நான்தான் கட்டணும். ஏஜென்ட் அப்ப போன் எடுக்கவே மாட்டான்.’’

இதுதான் இந்தத் தொழிலின் பேலன்ஸ் ஷீட். லாபம் ஓர் இடத்தில், ரிஸ்க் வேறோர் இடத்தில். விளம்பரம் கொடுத்த கோச்சிங் சென்டருக்கு நோட்டீஸ் போகாது, ஒட்டிக் கொடுத்த ஏஜென்சிக்குப் போகாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைதான் சட்டத்தின் கைக்கு எட்டுகிறது.

ஆட்டோ முதுகு என்றதும் ஒரு ஞாபகம். ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்று எழுதிக்கொண்டு ஓடுகிற ஆட்டோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது விளம்பரமா? சேவை இருக்கிறது, சலுகை இருக்கிறது, எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறது. நியூயார்க் கணக்குப்படி சொந்த வியாபார அறிவிப்பு, பாஸ். கறாரான ஓர் அதிகாரி நினைத்தால் ஃபெயில். அதன் பக்கத்திலேயே ஒரு நடிகர் படமும், ஒரு கட்சிக் கொடியின் நிறமும், ஒரு சாமி பெயரும் இருக்கும். இதில் எதற்கும் யாரும் காசு கொடுக்கவில்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. நடிகர் படத்தைவிடக் கவனத்தைச் சிதறடிக்கிற வஸ்து தமிழ்நாட்டில் வேறு உண்டா?

இப்போது கேரளா. இந்த விஷயத்தில் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை.

2022 அக்டோபர் 5-ம் தேதி இரவு. எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குச் சுற்றுலா போன ஒரு தனியார் பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, முன்னால் கோயம்புத்தூர் போய்க்கொண்டிருந்த கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் மாணவர்கள். ஒருவர் ஆசிரியர். மற்ற மூவர் அரசு பஸ்ஸில் வந்த பயணிகள்.

கேரளத்து டூரிஸ்ட் பஸ்களை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு நிமிஷம் சாலையை மறந்திருப்பீர்கள். பக்கம் முழுக்க ராட்சதப் படங்கள், கலர் கலராக லைட், உள்ளே டிஸ்கோ, காதைக் கிழிக்கும் ஹார்ன். பஸ்களுக்கு ரசிகர் கூட்டமே உண்டு. விபத்துக்குப் பிறகு எல்லோர் கோபமும் அந்த அலங்காரத்தின்மேல் திரும்பியது. ஏற்கெனவே ஏட்டில் இருந்த வெள்ளை நிற விதியைக் கறாராக அமல்படுத்தினார்கள். டூரிஸ்ட் பஸ் என்றால் வெள்ளை, நடுவில் ஊதாவும் தங்க நிறமுமாகக் கோடு, அவ்வளவுதான். படம் கிடையாது.

வெள்ளை நிறம் இருட்டில் நன்றாகத் தெரியும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த இரவு நடந்தது என்ன? மோதிய பஸ் கண்ணுக்குத் தெரியாமல் போய் விபத்து நடக்கவில்லை. அது வேகமாக வந்து முன்னால் போன பஸ்ஸை இடித்தது. நோய் வேகத்தில். மருந்து பெயின்ட்டில். பெயின்ட்டை ஓர் இன்ஸ்பெக்டர் பகலில் நின்ற இடத்திலிருந்தே பிடித்துவிடலாம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு நெடுஞ்சாலையில் ஸ்பீடு கவர்னர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது கஷ்டமான வேலை. அரசாங்கங்களுக்குச் சுலபமாகப் பார்க்க முடிகிற தப்புகள்மேல் எப்போதும் ஒரு தனிப் பிரியம் உண்டு.

இங்கேதான் கதை திரும்புகிறது. கேரள உயர் நீதிமன்றம் சும்மா விடவில்லை. தனியார் பஸ்ஸில் படம் கூடாது என்றால், கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் முழுக்க ஒட்டியிருக்கிறதே விளம்பரம், அது கவனத்தைச் சிதறடிக்காதா என்று கேட்டது. அரசு பஸ் என்பதற்காக வேறு சட்டம் கிடையாது என்று சொல்லி, அந்த மாதிரி விளம்பரங்களுக்குத் தடை போட்டது. ஜாக்சன் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார்.

கே.எஸ்.ஆர்.டி.சி. என்ன செய்யும்? சம்பளம் போடவே திணறுகிற கழகம். விளம்பர வருமானம் போனால் தாங்காது என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. மற்ற டிரைவர்களின் கவனம் சிதறாத மாதிரி ஒட்டுகிறோம் என்று ஒரு திட்டத்தையும் கொடுத்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

நான் கே.எஸ்.ஆர்.டி.சி.யின் கஷ்டத்தைக் கிண்டல் செய்யவில்லை. டிக்கெட் விலையை ஏற்றாமல் பஸ் ஓட வேண்டுமென்றால் பக்கவாட்டுத் தகரத்தையாவது விற்கத்தான் வேண்டும். நம் ஊர்ப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் அதே நிலைமைதான். என் ஆட்சேபம் வேறு. பற்றாக்குறை பட்ஜெட் என்பது அரசு பஸ்ஸுக்கு ஒரு வாதமாக எடுபடுகிறது. ஆட்டோக்காரரின் பற்றாக்குறை பட்ஜெட் எங்கேயும் எடுபடுவதில்லை. பாதுகாப்பான முறையில் ஒட்டுகிறேன் என்று திட்டம் கொடுக்கிற வாய்ப்பு கழகத்துக்குக் கிடைத்ததே, அதே வாய்ப்பை ஒரு பக்கத் தாளில் அச்சடித்து ஆட்டோ, வேன், டெம்போ எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?

யாரும் பேசாத ஒரு பார்ட்டி இருக்கிறது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிற நீங்கள்.

ஜன்னல் கண்ணாடிமேல் ஒட்டுகிறார்களே, அது ஓட்டை போட்ட ஸ்டிக்கர். வெளியே படம், உள்பக்கம் கறுப்பு, நடுவில் ஆயிரக்கணக்கில் துளைகள். வெளியே இருப்பவருக்கு மூக்குத்தி தெரியும். உள்ளே இருக்கிறவருக்கு அந்தத் துளைகள் வழியாக ஊர் தெரியும் என்பது கணக்கு. பகலில் ஓரளவு சரி. மழை பெய்தால் துளைகளில் தண்ணீர் நின்று பார்வை போகும். ராத்திரி உள்ளே டியூப்லைட் எரிந்தால், வெளியே எந்த ஸ்டாப் என்று பார்க்கக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் முடிந்து தனியாக வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்கிறவருக்கும் தெரியாது.

கார்களுக்கு இதே நாட்டில் என்ன விதி? முன், பின் கண்ணாடிகளில் 70 சதவிகிதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவிகிதம் வெளிச்சம் போக வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது. சென்னையில்கூட அப்போது நடுரோட்டில் நிறுத்திக் கிழித்தார்கள், ஞாபகம் இருக்கும். பிறகு மத்திய விதிகள் திருத்தப்பட்டு, அந்த அளவு குறையாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 70, 50 என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அந்த 2012 தடை எதற்காக வந்தது? மூடிய வண்டிக்குள் குற்றம் நடக்கக் கூடாது என்பதற்காக. நாலு பேர் போகிற காருக்கு இருக்கிற இந்த அக்கறை, ஐம்பது பேர் போகிற பஸ்ஸின் ஜன்னலில் நகைக்கடை ஏறியதும் எங்கே போகிறது? மீட்டரை வைத்து அந்தக் கண்ணாடியை யாராவது அளந்தார்களா?

இன்னொரு விஷயம், உள்ளாட்சி. வண்டி விளம்பரத்துக்கு யார் அனுமதி கொடுப்பது, மாநகராட்சியா, ஆர்.டி.ஓ.வா? போர்டு ஒரே இடத்தில் நிற்கும், அதற்கு மாநகராட்சி சரி. வண்டி நிற்காதே! தாம்பரம் மாநகராட்சியில் கிளம்பும் ஒரு டெம்போ, சென்னை மாநகராட்சியைத் தொட்டு, ஆவடி மாநகராட்சியில் சரக்கை இறக்குகிறது. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு ரசீது என்றால், சரக்கு லோடைவிட ரசீது லோடு அதிகமாகிவிடும்.

முன்பு மாநிலங்களுக்கு விளம்பர வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டத்திலேயே, மாநிலப் பட்டியலின் 55-வது இனமாக இருந்தது. அந்த வரி பல ஊர்களில் உள்ளாட்சிக்குப் போனது. 2016-ல் ஜி.எஸ்.டி.க்காகக் கொண்டுவந்த 101-வது திருத்தத்தில் அந்த இனத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு லட்சம் ரூபாய்க்கு வண்டியில் இடம் விற்றால் 18,000 ரூபாய் ஜி.எஸ்.டி. பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. வண்டி தேய்க்கிற ரோட்டைப் போடுகிற மாநகராட்சிக்கு நேராக ஒன்றும் வருவதில்லை. வரி போனதால், உள்ளாட்சிகள் கட்டணம், லைசென்ஸ், உரிமத் தொகை என்று வேறு வேறு பெயர்களில் தேடுகின்றன. பெயர் மாற மாற, எதற்கு எங்கே கட்ட வேண்டும் என்பது இன்னும் குழம்புகிறது.

எனக்கு இதில் தடை போடச் சொல்லும் ஆசை இல்லை. பெயர் எழுதாத ஊர் சுத்தமாக இருக்கும், கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரியும் இருக்கும். யாருடைய பெயர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஜன்னலில் கூடாது, யாருக்கும் கூடாது, கழகத்துக்கும் கூடாது. நம்பர் பிளேட்டையும் பின்பக்க லைட்டையும் ரிஃப்ளெக்டரையும் மறைக்கக் கூடாது. பின்னால் வருகிறவர் கண்ணில் அடிக்கிற லைட்டும், ஓடுகிற படமும் கூடாது. இதைத் தாண்டி ஒட்டுகிறவர் பால் கம்பெனியாக இருந்தால் என்ன, கோச்சிங் சென்டராக இருந்தால் என்ன? சதுர அடிக்கு இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணத்தை அச்சடித்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒட்டலாம். தப்பு நடந்தால் ஏஜென்சிக்கும் விளம்பரதாரருக்கும் சேர்த்து நோட்டீஸ் போகட்டும். ரெக்ஸினிலேயே அவர்கள் போன் நம்பர் கொட்டை எழுத்தில்தானே இருக்கிறது, தேடவா வேண்டும்?

அந்த எழும்பூர் ஆட்டோக்காரரிடம் இறங்கும்போது கேட்டேன், ‘‘அனுமதி வாங்க ஃபீஸ் கட்டச் சொன்னா கட்டுவீங்களா?’’

‘‘கட்டிட்டு நிம்மதியா போவேன் சார். எந்த கவுண்டர்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.’’